வேடமும் வேஷமும்

வேடம், வேஷம் இரண்டும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஒன்று தமிழ் ஒலிக்குப் பணிந்தது, மற்றது பணியவில்லை, அவ்வளவே. ஆயினும் வழக்கில் இவ்விரண்டுக்கும் நாம் வெவ்வேறு மதிப்பு வைத்திருக்கிறோம். ஒருவர் வேடம் ஏற்றார் என்றால் அவர் நடிகர், பாராட்டுக்குரியவர். வேஷம் போடுகிறாள் என்றால் அது வசை. அதிலும் அந்த வினைமுற்று பெரும்பாலும் பெண்பாலில்தான் முடியும். அமாலியா உல்மன் என்ற கலைஞரைப் பற்றிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சச்சரவு முழுவதும் இந்த இரு சொற்களுக்கு நடுவேதான் நடக்கிறது என்பது என் துணிபு. சச்சரவு நடப்பது பிற மொழிகளில். ஆனால் அவர் படைப்பைப் பார்த்துவிட்டு நம் இலக்கிய நண்பர்கள் உதிர்க்கும் கருத்துகளும் அதே தடத்தில்தான் உருள்கின்றன. “ஒரு பெண் தன்னைத் தானே படம் பிடித்துப் போட்டுக்கொண்டாள், அதற்கு ஓர் அருங்காட்சியகமா?” என்பது ஒரு சாரார். “அப்படிப் போட்டுக்கொள்ளும் பெண்களை அவர் நன்றாகக் கிண்டல் செய்துவிட்டார், பலே!” என்பது மறு சாரார். முதல் சாராரோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. அவர்கள் படைப்பைப் பார்க்கவே இல்லை. இக்கட்டுரை இரண்டாம் சாராரைப் பற்றியது. பாராட்டுகிறோம் என்று எண்ணிக்கொண்டு அவர்கள் அப்படைப்புக்கு இழைப்பது அநீதி. அதைவிடப் பெரிய அநீதியை அப்படைப்பில் இல்லாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இழைக்கிறார்கள்.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உல்மன் 1989இல் புவனோஸ் அயர்ஸில் பிறந்தவர். ஸ்பெயினின் வட கடற்கரையிலுள்ள ஹிஹோன் என்ற தொழில் நகரில் வளர்ந்தவர். லண்டனில் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் கலை பயின்றவர். 2014 ஏப்ரலில் தம் இன்ஸ்டாகிராம் கணக்கில் ஒரு வெற்று வெள்ளைப் படத்தை ஏற்றினார். அதில் ‘பகுதி 1’ என்று மட்டும் கறுப்பு எழுத்தில் இருந்தது. அதன் கீழே தலைப்பு: ‘எக்ஸலன்ஸஸ் அண்ட் பெர்ஃபெக்‌ஷன்ஸ்’. ‘மேன்மைகளும் நிறைவுகளும்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். அதன்பின் ஐந்து மாதங்கள், செப்டம்பர் வரை, தம்மைத் தாமே எடுத்த படங்களும் சிறு காணொளிகளுமாக ஏற்றிக்கொண்டே போனார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குக் கனவுகளோடு வந்து சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் நாட்குறிப்பு போல அது வளர்ந்தது. முதலில் வெளிர் இளஞ்சிவப்பு உலகம்: மலர்கள், சரிகை, காலைப் படுக்கை, குழந்தைத்தனமான புன்னகை. பிறகு காதல் முறிகிறது, பெண் வேறொருத்தியாகிறாள். பணக்கார ஆணின் தயவில் வாழ்பவள் போன்ற குறிப்புகள், விலையுயர்ந்த விடுதி அறைகள், உள்ளாடைப் படங்கள், மார்பகப் பெரிதாக்க அறுவை சிகிச்சை, போதை, ஒருநாள் கேமராவுக்கு முன்னே கதறல். கடைசியில் மீட்சி: எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறாள், யோகம், அவகாடோ பரப்பிய ரொட்டி, வெள்ளைச் சுவர்கள், நன்றியுணர்வு. செப்டம்பரில் கணக்கு ஓய்ந்தபோது அவரைப் பின்தொடர்ந்தோர் 88,000க்கும் மேல்.

பிறகு அவர் அறிவித்தார்: இது முன்கூட்டியே எழுதி நிகழ்த்தப்பட்ட கதை. அறுவை சிகிச்சை நடக்கவில்லை. பஞ்சு வைத்த உள்ளாடையும் ஃபோட்டோஷாப்பும்தான். காதலனும் இல்லை, புரவலனும் இல்லை.

இங்கே ஒரு சிறு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். ‘கடைசியில் வெளிப்படுத்தினார்’ என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் முதல் நாளே வெளிப்படுத்திவிட்டார். ‘பகுதி 1’ என்று எழுதி, தலைப்பும் இட்டுத்தான் திரையை விலக்கினார். நாவலின் முதல் பக்கத்தில் ‘அத்தியாயம் ஒன்று’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் “ஐயோ, இது கதையா!” என்று அலறும் வாசகரை நாம் என்ன சொல்வோம்? ஓர் இளம்பெண்ணின் கணக்கில் தலைப்போடு கூடிய ஒரு படைப்பு இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இளம்பெண் என்றால் அவளுக்கு நேர்வதைத்தான் சொல்வாள், புனையமாட்டாள். பெண்கள் எழுதும் கதைகளில் கணவன் யார், காதலன் யார் என்று துப்புத் துலக்கும் வாசகர்களுக்கும் இந்த நம்பிக்கைதானே மூலதனம்.

அந்த ஐந்து மாதங்களில் கலை உலகம் நடந்துகொண்ட விதத்தை உல்மனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரோடு தொடர்பிலிருந்த ஒரு காட்சிக்கூடத்தினர், இப்படிப் படம் போடுவதை நிறுத்திக்கொள், யாரும் உன்னைத் தீவிரமான கலைஞராக மதிக்கமாட்டார்கள் என்று எச்சரித்தார்களாம். அதற்கு முன் அவர் அறிவார்ந்த இளம் கலைஞர். உதட்டுச்சாயமும் கண்ணாடி முன் செல்ஃபியும் வந்ததும் மூளை கரைந்துபோனவர். அக்டோபரில் நியூயார்க்கிலுள்ள ரைசோம் அமைப்பு அதே படங்களை ஆவணமாகச் சேமித்து, நியூ மியூசியத்தோடு சேர்ந்து இணையத்தில் காட்சிக்கு வைத்தது. 2016இல் லண்டனில் வைட்சேப்பல் கூடத்தில் ஒரு கண்காட்சி, டேட் மாடர்னில் இன்னொன்று. இரண்டிலும் அப்படங்கள் இடம்பெற்றன. இன்ஸ்டாகிராமின் முதல் தலைசிறந்த படைப்பு இதுதானா என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் தலைப்புப் போட்டுக் கேட்டது.

படங்களில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாறியது என்ன? பார்ப்பவருக்கு ஓர் உறுதிமொழி கிடைத்தது: ‘கவலைப்படாதீர்கள், இவர் அந்த மாதிரிப் பெண் இல்லை’. அந்த உறுதிமொழி கிடைத்த பிறகுதான் நம் ரசிகர்களுக்கு ரசிக்க முடிந்தது. இதைத்தான் நான் கேட்கிறேன். ‘அந்த மாதிரிப் பெண்’ என்பவள் யார்? அவள் அதே ஒளியில், அதே கோணத்தில், அதே நேர்த்தியோடு அதே படத்தை எடுத்திருந்தால் அது தற்பெருமை, வெறுமை, காலத்தின் சீரழிவு. கல்லூரிப் பட்டம் பெற்ற ஒருவர் எடுத்தால் விமர்சனம். ஒரே செயலுக்கு, செய்தவளின் உள்நோக்கத்தைத் துருவி இருவகைத் தீர்ப்பு. பெண்ணின் நடத்தையை அளக்க ஊர் எக்காலமும் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். உல்மனின் படைப்பு எந்த அளவுகோலைக் காட்டிக்கொடுக்கிறதோ, அதே அளவுகோலைக் கொண்டு அப்படைப்பை அளந்து, நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் கிண்டல் செய்தார் என்பதற்கு என்ன சான்று? பெண்மை என்பது உடலோடு பிறப்பதன்று, கட்டப்படுவது என்று காட்ட விரும்பியதாக அவர் சொல்லியிருக்கிறார். கட்டப்படுவது என்று சொன்னால் கேலிக்குரியது என்று பொருளா? வீடு கூடக் கட்டப்படுவதுதான். “இதைத்தான் சிமோன் த போவார் 1949லேயே சொல்லிவிட்டாரே, ஜூடித் பட்லர் 1990இல் விரித்துவிட்டாரே, இதில் புதிது என்ன?” என்று கேட்கும் படிப்பாளிகளும் உண்டு. சொன்னார்கள்தான். கட்டப்படுகிறது என்பதை அவர்கள் சொன்னார்கள். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கருவிகளைக் கொண்டு, எந்தச் செலவில், யாருடைய மேற்பார்வையில் என்ற கொத்தனார் கணக்கை இப்படைப்பு காட்டுகிறது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். அறுவை சிகிச்சை பொய். ஆனால் அந்த மாதங்களில் அவர் கடைப்பிடித்த கடுமையான உணவுக் கட்டுப்பாடு மெய். கம்ப நடன வகுப்புக்குப் போனது மெய். எந்த நேரத்தில் ஏற்றவேண்டும், எந்தச் சொற்களைத் தலைப்பாக இடவேண்டும், எந்த ஹேஷ்டேக் அந்தப் பெண்ணின் வாயிலிருந்து இயல்பாக வரும், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் விட்டால் உண்மைபோல் இருக்கும் என்பதையெல்லாம் திட்டமிட்டு நடத்தியது மெய். பட்டினி கிடக்கும் உடம்புக்கு இது புனைவு என்று தெரியாது. உழைப்பு அவ்வளவும் நடந்திருக்கிறது. விளைவுக்குத்தான் புனைவு என்று பெயர். இதே உழைப்பைப் புனைவு என்று பெயரிடாமல் நாள்தோறும் செலுத்துகிறவர்களை ‘வேலை வெட்டி இல்லாதவர்கள்’ என்கிறோம். ஒரு கோயில் சிற்பத்தின் இடை வளைவைப் பார்த்துச் சிற்பியின் பொறுமையை வியக்கிற நாம், தன் உடம்பையே கல்லாக வைத்துச் செதுக்கிக்கொள்பவளின் பொறுமையை ஒருபோதும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல் வலிப்பதாகச் சொல்வதில்லை என்பதும் ஒரு வசதி.

இன்னொன்று. அந்த மூன்று பகுதிகளிலும் வருபவள் மூன்று குணங்களைக் கொண்ட ஒருத்தி என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். நான் அவளை மூன்று வருமானங்களைக் கொண்ட ஒருத்தியாகவே காண்கிறேன். முதலாமவள் கலைநாட்டமும் குழந்தைமையும் கலந்த நடுத்தர வீட்டுப் பெண். இரண்டாமவளின் அலங்கார மொழி, பணமில்லாதவர் பணத்தைக் காட்டிக்கொள்ளும் மொழி: பெரிய எழுத்தில் பொறித்த பிராண்டுப் பெயர்கள், பளபளப்பு, மிகை. மூன்றாமவளிடம் பணம் உண்மையிலேயே இருக்கிறது. ஆகவே அதைக் காட்டவேண்டிய தேவை இல்லை. அவளிடம் இருப்பவை அமைதி, தூய உணவு, காலை வெயில் விழும் மரத்தரை. இம்மூவரில் மிகுந்த செலவு பிடிப்பவள் அந்த எளிமையான மூன்றாமவள்தான். பெரும்பாலான விமர்சனங்கள் இரண்டாம் பகுதியில் நின்று விளையாடுகின்றன; மேற்கோள் காட்டப்படும் படங்களும் அவையே. யோகப் பாயில் அமர்ந்திருக்கும் மூன்றாமவள் அவ்வளவு சிரிப்பை மூட்டுவதில்லை. ஏன்? கண்காட்சிக்கு வருகிறவர்களின் காலையுணவும் அதே அவகாடோ ரொட்டிதான். அவளை வேடம் என்று சொன்னால் தம் வீட்டுச் சுவரையும் தட்டிப் பார்க்கவேண்டி வரும்.

கதையின் வடிவத்தைப் பாருங்கள்: களங்கமின்மை, வீழ்ச்சி, கண்ணீர், மன்னிப்பு, மீட்சி. கிறித்தவ ஐரோப்பா மகதலேனா மரியாளைச் சுற்றி நூற்றாண்டுக் கணக்கில் வரைந்து தீர்த்த கதை இது. விக்டோரிய நாவல்கள் கூடுதலாக ஒரு கடற்கரைச் சாவையோ காசநோயையோ சேர்த்துக்கொள்ளும். 2014இல் கையடக்கத் தொலைபேசியில் கதை சொல்லப் புகுந்த ஒருவர் இதைவிடப் புதிய கதையைத் தேர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். தேர்ந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். எந்தக் கதையை மக்கள் சான்று கேட்காமல் நம்புவார்களோ அதுவே அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு பெண் விழுந்தாள் என்பதற்கு யாரும் ரசீது கேட்பதில்லை.

இந்த வழக்கு 2014இல் தொடங்கியதும் அன்று. உல்மனை முன்னோடியற்ற அதிசயமாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. லின் ஹெர்ஷ்மன் லீசன் 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட்டா பிரைட்மோர் என்ற ஒரு பெண்ணை உருவாக்கினார். பொன்னிறப் பொய்முடி, ஒப்பனைக்கு ஒரு வரைபடம், ஓட்டுநர் உரிமம், வாடகை வீடு, மனநல மருத்துவரிடம் செல்லும் வழக்கம். அறைத்தோழர் வேண்டும் என்று நாளிதழ் விளம்பரம் கொடுத்து, வந்தவர்களைச் சந்திக்கவும் செய்தாள் ராபர்ட்டா. அரசாங்கமும் வங்கியும் மருத்துவரும் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதன் பட்டியலாகவே அப்படைப்பு இன்று மிஞ்சியிருக்கிறது. 1978இல் இத்தாலியின் ஃபெராராவில் சடங்கு செய்து அவளை வழியனுப்பி வைத்தார்கள். ஹெர்ஷ்மன் லீசனின் பெரிய மீள்பார்வைக் கண்காட்சி ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் 2014 டிசம்பரில்தான் திறந்தது. அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. ஆண்டைக் கவனிக்கவும்: உல்மனுக்குக் கிடைத்த கவனம் முன்னோடிக்குக் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. சிண்டி ஷெர்மன் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை. 1977 முதல் 1980 வரை அவர் எடுத்த கறுப்பு-வெள்ளைத் திரைப்படச் சாயல் படங்கள் பற்றி எழுதாதவர் இல்லை. முகத்தை மாற்றிக்கொண்டே இருந்ததால் அவர் பிழைத்தார் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகிறேன்.

முகத்தை மாற்றாதவர் என்ன ஆனார் என்பதற்கு ஹன்னா வில்கி இருக்கிறார். அவரைப் பற்றி எழுதும்போது எனக்குச் சினம் வராமல் இருப்பதில்லை. வில்கி அழகானவர் என்பது அவர் செய்த முதல் குற்றம். 1974இல் தொடங்கிய ஒரு படத்தொடரில் விளம்பரப் பெண்களின் நிற்கும் பாங்கில் மேலாடையின்றி நின்றார். உடலெங்கும் மென்ற சூயிங்கத்தில் செய்த சிறு சிறு யோனி வடிவங்களை வடுக்கள்போல ஒட்டியிருந்தார். மென்று, சுவை போனதும் துப்பப்படும் பொருள். இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிப் பேசமுடியும்? ஆயினும் பெண்ணியக் கலை விமர்சனத்தின் மூத்த குரல்களுள் ஒருவரான லூசி லிப்பார்ட் 1976இல் அவரைக் கடிந்துகொண்டார்: அழகிய பெண், கலைஞர், சரசக்காரி, பெண்ணியவாதி எல்லாவற்றையும் குழப்பிக்கொள்கிறார் என்று. எதிரணியில் நின்றவர் சொல்லியிருந்தால் மறந்துவிடலாம். தம் பக்கத்தவரே சொன்னார். பின்னர் வில்கிக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. முடி கொட்டிய தலையும், வீங்கிய உடலும், மருந்துக் குழாய்களுமாக, அதே பழைய பாங்கில் நின்றும் கிடந்தும் படங்கள் எடுக்கச் செய்தார். 1993 ஜனவரியில் இறந்தார். ‘இன்ட்ரா-வீனஸ்’ என்ற அத்தொடர் 1994இல் காட்சிக்கு வந்தது. அதன் பிறகு அவர் தீவிரமான கலைஞர் என்பதில் ஐயம் எழுப்பியவர்கள் குறைந்துவிட்டார்கள். அழகு போனதும் நேர்மை வந்துவிட்டது போலும்! வில்கியிடம் சாவைச் சான்றாகக் கேட்டார்கள். உல்மனிடம் ‘நான் அவளில்லை’ என்ற வாக்குமூலத்தைக் கேட்டார்கள். விலை குறைந்திருக்கிறது, முன்னேற்றம்தான்.

ஆண் ஒருவர் இதே களத்துக்குள் வந்தால் என்ன நடக்கும்? இதற்குக் கற்பனை வேண்டாம். உல்மனின் தொடர் முடிந்த அதே 2014 செப்டம்பரில், நியூயார்க்கின் ககோசியன் காட்சிக்கூடத்தில் ரிச்சர்ட் பிரின்ஸ் ‘நியூ போர்ட்ரெய்ட்ஸ்’ என்ற கண்காட்சியைத் திறந்தார். பிறருடைய இன்ஸ்டாகிராம் படங்கள், அவற்றுள் மிகப்பல இளம்பெண்களின் செல்ஃபிகள். அவற்றின் அடியில் தம் பெயரில் சில சொற்களை இட்டு, திரையை அப்படியே பிடித்து, ஆளுயரத் துணியில் அச்சிட்டார். சில 90,000 டாலர் வரை விலைபோயின என்று செய்திகள் வந்தன. படமெடுக்கப்பட்டவர்களுள் சிலர் ‘சூசைட் கேர்ள்ஸ்’ என்ற குழுமத்தைச் சேர்ந்தவர்கள். அக்குழுமம் 2015இல் அதே படங்களை அதே அளவில் அச்சிட்டு 90 டாலருக்கு விற்றது. இத்தனை ஆண்டுகளில் கலைச் சந்தையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது எனக்குத் தெரியாது. பிரின்ஸ் மீது வழக்குகள் உண்டு. 2024 ஜனவரியில் புகைப்படக் கலைஞர்கள் இருவருக்குச் சாதகமாக அமெரிக்க நீதிமன்றத்தில் முடிவும் வந்தது. அவை படமெடுத்தவரின் உரிமை பற்றியவை. செல்ஃபி எடுத்தவளும் படமெடுத்தவள்தான் என்பது பிரின்ஸின் ரசிகர்களுக்கு உறைக்கவே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை அவள் கண்டெடுக்கப்படவேண்டிய பொருள், ஆற்றங்கரைக் கூழாங்கல்.

நடுவர் நாற்காலியில் நிறுவனமும் உட்கார்ந்திருக்கிறது. 2013இல் கனடாவைச் சேர்ந்த பெட்ரா காலின்ஸ் என்ற படக்கலைஞரின் கணக்கை இன்ஸ்டாகிராம் நீக்கியது. காரணம், நீச்சலுடை அணிந்த இடுப்புக்குக் கீழே மழிக்காத மயிர் தெரிந்த ஒரு படம். 2015இல் கவிஞர் ரூபி கவுர் ஆடையில் மாதவிலக்குக் கறை படிந்திருக்கத் தாம் படுத்திருக்கும் படத்தை ஏற்றினார். அதையும் நீக்கினார்கள், எதிர்ப்பு வந்தபின் தவறு நேர்ந்துவிட்டது என்றார்கள். இப்படி நீக்கப்பட்ட படங்களையே திரட்டி அர்விதா பீஸ்ட்ரம், மோலி சோடா என்ற இரு கலைஞர்கள் 2017இல் ஒரு நூலாக்கினார்கள். உல்மனின் உள்ளாடைப் படங்களுக்கோ கட்டுப்போட்ட மார்புப் படத்துக்கோ பெரிய இடையூறு வந்ததாகத் தெரியவில்லை. மயிரும் குருதியும் விதிமீறல். கத்திபட்டுத் திருத்தப்பட்ட மார்பு விதிக்குள் அடக்கம். எந்தப் பெண்மை அனுமதிக்கப்பட்டதோ அதைத்தான் அவர் நிகழ்த்தினார். அனுமதியின் எல்லையை வரைந்து காட்டிய படம் என்றும் அதைப் பார்க்கலாம். உல்மன் அதைத் தாண்டத் துணியவில்லை என்று குறை சொல்வோரும் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

குறை என்று வந்தபிறகு என் தரப்புக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பகுதிப் பெண்ணின் உடையும் மொழியும் அமெரிக்கப் பெருநகரங்களின் கறுப்பின, லத்தீன் இளம்பெண்களிடமிருந்து பெருமளவு கடன் வாங்கப்பட்டவை. வெள்ளைத் தோல் கொண்ட ஒருவர் தம் வீழ்ச்சியைச் சித்திரிக்க அவர்களுடைய அலங்காரத்தை அணிந்து, மீட்சியின்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். வீழ்ச்சி என்றால் அவர்களைப்போல் ஆவது என்ற பொருள் அதில் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. பார்வையாளரின் முன்முடிவைத்தான் பயன்படுத்திக்கொண்டேன் என்று கலைஞர் பதில் சொல்லலாம். அப்பதில் எனக்கு முழு நிறைவு தரவில்லை. பயன்படுத்திக்கொள்ளப்பட்ட முன்முடிவு படைப்பு முடிந்தபிறகும் அப்படியே நலமாக இருக்கிறதே!

அடுத்தது, அவர் அழுத காணொளியைப் பார்த்து ஆறுதல் எழுதியவர்கள். வசை பாடியவர்களை விடுங்கள். முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காக மனம் கசிந்து நான்கு சொல் எழுதியவர்களின் இரக்கம் பொய்யன்று. அதைப் பெற்றுக்கொண்டவள் இல்லாத ஒருத்தி. நாடகம் பார்த்து அழுவதும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்ல முடியாது. நாடகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அழுகிறோம். ‘பகுதி 1’ என்ற அறிவிப்பு முதல் நாளில் வந்தவருக்கு நுழைவுச்சீட்டு. மூன்றாம் மாதத்தில் வந்து சேர்ந்தவருக்கு அது எங்கோ கீழே புதைந்து கிடந்தது. இந்தக் கடனை உல்மன் அடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகச் சுவரில் பெரிதாக அச்சிட்டு மாட்டப்பட்ட படங்களில் இக்கடன் பார்வைக்கே வராது என்பது அதனினும் மோசம். ரைசோம் செய்த வேலைக்கு அதனால்தான் மதிப்பு. பின்னாளில் வெப்ரெகார்டர் என்ற பெயரில் அறியப்பட்ட ஒரு கருவியைக் கொண்டு அவர்கள் படத்தை மட்டுமன்றி அந்தப் பக்கம் இயங்கிய விதத்தையும், அடியில் பிறர் எழுதியவற்றையும் சேர்த்தே காப்பாற்றினார்கள். இரக்கப்பட்டவர்களும் ஏசியவர்களும் அதில் அப்படியே இருக்கிறார்கள். படைப்பில் பாதி அவர்கள் எழுதியது.

கிண்டல் என்ற வாசிப்பை உல்மன் பிற்பாடு தாமே உடைத்துக் காட்டியதாகத்தான் நான் கருதுகிறேன். 2021இல் சன்டான்ஸ் விழாவில் வெளிவந்த அவருடைய முதல் முழுநீளப் படம் ‘எல் பிளனெட்டா’. கறுப்பு-வெள்ளைப் படம், தாம் வளர்ந்த ஹிஹோனில் எடுத்தது, தாயாக அவருடைய சொந்தத் தாய் ஆலே உல்மன், மகளாக அவரே. வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நாளை எதிர்நோக்கியிருக்கும் ஒரு தாயும் மகளும். மின்சாரத்துக்குப் பணமில்லை, உடைகளுக்கும் உணவக விருந்துக்கும் குறைவில்லை. கடன் சொல்லியும், கணக்கில் எழுதச் சொல்லியும், பணமுள்ளவர்கள் போலவே நடந்துகொண்டும் நாட்களை ஓட்டுகிறார்கள். 2008க்குப் பிந்தைய ஸ்பெயினின் வறுமை எப்படி மேலங்கி அணிந்துகொண்டு தெருவில் நடந்தது என்பதை இதைவிட நுட்பமாகச் சொன்ன படம் குறைவு. ஹிஹோனில் இப்படி வாழ்ந்த தாய், மகள் இருவரைப் பற்றிய உண்மைச் செய்தியே கதைக்கு வித்து. அந்தத் தாயைப் பார்த்து நம்மால் சிரிக்க முடிகிறது, ஆனால் அவள் முட்டாள் என்று தோன்றுவதில்லை. கம்பளி மேலங்கி அவளுடைய கடைசிப் பற்றுச்சீட்டு. ‘நன்றாக உடுத்தியிருப்பவளிடம் பணம் கேட்கமாட்டார்கள்’ என்ற ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டு அவள் கரையேறப் பார்க்கிறாள். இந்தப் படத்தைப் பார்த்தபின் 2014இன் இரண்டாம் பகுதிப் பெண்ணிடம் திரும்பிச் செல்லுங்கள். விடுதி அறையில் கண்ணாடி முன் நிற்கிறாளே, அவளைத்தான் வெறுமை என்றார்கள். அவள் கையிலிருந்த ஒரே சொத்து அவள் தோற்றம். அதை முதலீடு செய்தாள். பங்குச் சந்தையில் போட்டிருந்தால் விவேகி என்றிருப்பார்கள்.

“இவ்வளவு நீட்டி முழக்குவானேன், ஒரு பெண் படம் போட்டாள், பிடித்தால் பார், இல்லையேல் விடு” என்று ஒரு நண்பர் சொன்னார். விடலாம்தான். ஆனால் அந்த மூன்று பெண்களுக்கும் உல்மன் கண்டறிந்து எழுதிய செய்முறைக் குறிப்பு அவரோடு நிற்கவில்லை. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நிறுவனம் மிக்கேலா என்ற கணினிப் பெண்ணை உருவாக்கி இன்ஸ்டாகிராமில் உலவவிட்டது. அவள் ஆடை விளம்பரங்களில் தோன்றினாள், பாடல் வெளியிட்டாள், அழுதாள். 2023இல் பார்சிலோனாவின் விளம்பர நிறுவனம் ஒன்று செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அயித்தானா என்று ஒருத்தியைச் செய்தது. இளஞ்சிவப்புக் கூந்தல், உடற்பயிற்சிக்கூட உடல், வயது 25 என்று அறிவிப்பு. மனித மாடல்களை நம்பினால் வேலை தடைபடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பட்டினி, கம்ப நடன வகுப்பு, கண்ணாடி முன் காத்திருத்தல், கதறல் எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டன. விளைபொருள் மட்டும் வருகிறது. அவளை மெய்யென்று நம்பி அழைப்பு விடுத்த ஆண்களும் உண்டென்று அந்நிறுவனத்தாரே சொன்னார்கள். நான் வாசித்த செய்திகளில் அவள் வேஷம் போடுகிறாள் என்று ஒருவரும் எழுதவில்லை. மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறாள் என்று எழுதியிருந்தார்கள்.